வந்திருந்தா இருக்கும்

ரீபூட் என்று அடித்து என்டரைத் தட்டிவிட்டேன். இனிப் பிடித்து நிறுத்த முடியாது. வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென்று மேலே ஓடித் திரை கறுத்துப் போனது, மணி ஒன்று ஐந்து, எதிர்ப் பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் நடக்கிறது, அது முடிந்து தொழுது எல்லோரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வர எப்படியும் இருபது நிமிடம், அதற்குள் இது எழுந்துவிட வேண்டும், எழுந்துவிடும், எழாமல் எங்கே போகும். மேலப்பாளையத்தில் இந்த ஸ்கேன் சென்டரின் சர்வரை நிறுத்தி எழுப்ப வாரத்துக்கு ஒரே ஒரு நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூடத் தலையில் அடிபட்டது என்று யாரையாவது ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மட்டும் வாசல் காலியாகக் கிடக்கும். நாலு வருடமாக வெள்ளிக்கிழமை ஒரு மணி என்றால் முப்பிடாதி சர்வர் அறையில் இருப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். அறை என்று பெயர்தான், சி.டி. மெஷின் அறைக்குப் பின்னால் பழைய துணிமாற்றும் தடுப்பு, ஒரு ஏ.சி., ஒரு ஸ்டூல், நான். வேறு வெள்ளிக்கிழமையாக இருந்தால் இந்நேரம் டிபன் பாக்ஸை எடுத்து வைத்திருப்பேன். இன்றைக்கு அது பைக்குள்ளேயே கிடக்கிறது. தொழுகை முடிந்ததும், ஸ்கேன் எடுக்கிற பிச்சை அண்ணாச்சி நேரே இங்கே வருகிறார், பேட்ஜைத் திருப்பிக் கொடுக்கவும், மேனேஜர் தனசிங் சார் அடித்து வைத்திருக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போடவும். ஒன்பது பேருடைய ஸ்கேனை சர்வருக்கு அனுப்பாமலே தன் கவனக்குறைவால் அழித்துவிட்டதாக அவர் பெயரில் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. நான் படித்தேன். அதில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக்கூடக் கொடுத்தேன்.

விசிறிகள் கூவ ஆரம்பித்துவிட்டன. பழைய சர்வர், முதலில் தன் நினைவகத்தை எண்ணும், பிறகு ஒவ்வொரு அட்டையாகக் கேட்டுக்கொண்டு வரும், பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும், எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்தில், எடுத்த ஸ்கேன் எல்லாம் சேர்கிற டிஸ்க் பெட்டி கறுப்பாக, விளக்கு இல்லாமல் இருக்கிறது. நான்தான் அணைத்து வைத்தேன், வேண்டுமென்றே. பெட்டி எழாவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குத்தானே இந்தச் சோதனை. போன சனிக்கிழமையும் இது இப்படித்தான் அணைந்து கிடந்தது, அன்றைக்கு யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, மாதம் ஒருமுறை நிறுத்துகிற கரண்ட்டை நிறுத்தினார்கள், யு.பி.எஸ். நாலு தடவை கத்திவிட்டுச் செத்தது, ஜெனரேட்டர் வந்ததும் சர்வர் தானாக எழுந்தது, பெட்டி எழவில்லை. அதற்குக் கரண்ட் வந்தால் போதாது, முன்னால் இருக்கிற பொத்தானை யாராவது அமுக்க வேண்டும், அப்படி ஒரு சமத்து. அமுக்குவதற்கு நான் இல்லை. மகளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், கணக்கு டீச்சர் முன்னால் உட்கார்ந்து, கவனம் போதாது மேடம், தெரியுது, ஆனா கவனம் போதாது என்று அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு வந்து பார்த்தேன், பெட்டி அணைந்திருந்தது, பொத்தானை அமுக்கினேன், ஒரு வரி அடித்து டிஸ்க்கை அதன் இடத்தில் ஏற்றினேன், மெஷினிலிருந்து ஸ்கேனை வாங்கி வைக்கிற மென்பொருளை நிறுத்தி ஓட விட்டேன், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

டிஸ்க்கை ஏற்றுவது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சர்வருக்குள் ஒரு காலி ஃபோல்டர் இருக்கும், வெறும் இடம், அதன்மேல் டிஸ்க்கைப் பொருத்தினால் அந்த ஃபோல்டரைத் திறக்கும்போது டிஸ்க்கில் இருப்பது தெரியும், அவ்வளவுதான், மவுண்ட் என்போம். எது முதலில் எழ வேண்டும், எது அதற்குப் பிறகு என்பதைப் பார்த்துக்கொள்ள சிஸ்டம்டி என்று ஒன்று இருக்கிறது, லினக்ஸில் முதலில் எழுவதே அதுதான், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி, இலை போட்டாச்சா, அப்ப தண்ணி தெளி, தெளிச்சாச்சா, அப்ப கூட்டு வை. ஆனால் தானாக அதற்கு எதுவும் தெரியாது, வரிசையை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்தது ஒரே வார்த்தை, டிஸ்க் வராவிட்டாலும் பரவாயில்லை, நீ எழுந்துகொள் என்று. அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது, டிஸ்க் வரவில்லை என்று சர்வர் பாதியில் முறைத்துக்கொண்டு நின்றால் யார் ஓடி வருவது. இலை விழாமல் சோற்றைப் போடு என்று நான் எழுதவில்லை, ஆனால் இலை விழுந்த பிறகுதான் போடு என்றும் எழுதவில்லை. எழுதாததை யார் படிப்பார்கள். சனிக்கிழமை காலையில் அந்த மென்பொருள் தரையில், டிஸ்க் இல்லாத அந்தக் காலி ஃபோல்டரிலேயே, போட்டிருக்கிறது. பதினொன்றரைக்கு நான் வந்து அதன்மேல் இலையை விரித்திருக்கிறேன்.

இருக்கலாம், அவ்வளவுதான், இருக்கலாம். இன்னும் பார்க்கவில்லையே. பார்க்காதவரைக்கும் இரண்டும் உண்டு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சனிக்கிழமை ஒரு மணிக்கு மதுரையிலிருந்து ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் கூப்பிட்டு, காலையில எடுத்தது ஒண்ணும் வரலையே என்றார். தனசிங் சார் இங்கே வந்து, இதே தடுப்பில் சாய்ந்து நின்று, "உங்க சைடுல ஏதும் உண்டா மேடம்?" என்று கேட்டார். நான் பட்டியலைத் திறந்து காட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு நின்றிருந்தது, அதற்குப் பிறகு சனிக்கிழமை பன்னிரண்டு மணி ஸ்கேன். நடுவில் ஒன்றும் இல்லை. "எங்க சைடுல எதுவும் இல்ல சார், வந்திருந்தா இருக்கும்" என்றேன். வந்திருந்தா இருக்கும். எவ்வளவு சரியாகச் சொன்னேன், குரலில் ஒரு பிசிறு இல்லை. மெஷினுடைய டிஸ்க் சின்னது, அதனால் சர்வருக்குப் போய்விட்டது என்று பச்சை டிக் விழுந்ததும் பிச்சை அண்ணாச்சி அங்கே அழித்துவிடுவார், பதினேழு வருடமாக அவர் வேலை செய்கிற விதம் அது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். அவர் கன்சோல் முன்னால் நின்று, "டிக்கு விழுந்துச்சு சார், நான் பாத்தேம்லா, பாத்துட்டுத்தான அழிச்சேன்" என்றார். தனசிங் சார் என்னைப் பார்த்தார். மறுபடியும் அதையே சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் அழுத்தமாக வந்தது. சர்வரின் பழைய பதிவுகளைப் புரட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், பத்து நிமிட வேலை, புரட்டவில்லை. என் சர்வர் பொய் சொல்லாது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. சர்வர் பொய் சொல்லவில்லைதான்.

ஒன்பது பேரையும் கூப்பிட்டு மறுபடி எடுத்தார்கள். ஏழு பேர் வந்தார்கள். ராஜவல்லிபுரத்துப் பெண் ஒருத்தி, மருந்து ஏற்றி எடுக்க வேண்டிய வயிற்று ஸ்கேன், முதல் தடவையே வாந்தி எடுத்துச் சுருண்டவள், திங்கட்கிழமை மறுபடி ஊசி குத்திக்கொண்டு என் முன்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "மொதல்ல எடுத்தது என்னாச்சுக்கா?" என்று கேட்டாள். மெஷின் கோளாறு என்றேன். அது வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது. வராத இருவரில் ஒருவர் தாழையூத்துப் பெரியவர், நுரையீரலில் ஏதோ நிழல், இனிமே என்னால அந்தக் குழாய்க்குள்ள படுக்க முடியாது, மறுபடி மறுபடி எடுத்தா நிழல் போயிருமா என்று போனை வைத்துவிட்டாராம். அவருக்கு ரிப்போர்ட் இல்லை. நிழல் அப்படியே இருக்கும், யாரும் பார்க்காமல். திங்கட்கிழமை பத்து மணிக்கே பிச்சை அண்ணாச்சியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போகும்போது டிபன் பாக்ஸ் பையோடு இந்தத் தடுப்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலல்லா? அது நல்லா இருக்குல்லா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வேலை போகிறது, என் டிஸ்க்கை விசாரிக்கிறார். நல்லா இருக்கு அண்ணாச்சி என்றேன். ஒருமுறைகூட எனக்காகச் சொல்லேன் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எரிச்சல்பட்டாவது பதிவுகளைப் புரட்டியிருப்பேன், கேட்காத மனிதரை என்ன செய்வது. இது என்ன நியாயம், பழியை இப்போது அவர் கேட்காததன்மேல் போடுகிறேன்.

திரையில் கம்பெனிச் சின்னம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம். காலையில் ஏழரை மணிக்குக் கேஸ் புத்தகத்தைத் தேடினேன், சிலிண்டர் வருகிறது என்று போன், புத்தகம் எப்போதும் அடுக்களை அலமாரியில் விரித்திருக்கிற பேப்பருக்கு அடியில்தான் இருக்கும். பேப்பரைத் தூக்கினேன், பலகை இல்லை, இன்னொரு பேப்பர். தீபாவளிக்கு முந்தி என் வீட்டுக்காரர் அலமாரியைத் துடைத்தேன் என்று சொன்னாரே, பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதிதை விரித்திருக்கிறார், புத்தகம் பழைய பேப்பருக்கு அடியில் சப்பையாக, எண்ணெய்க் கறையோடு, நல்லபடியாக இருந்தது. கையில் எடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, மகள் வந்து, "அம்மா, கேஸ் நாத்தம் அடிக்கி" என்று சொல்லும்வரை நின்றேன். பஸ்ஸில் வரும்போது, இல்லை, அப்படி இருக்காது, மென்பொருள் எழுத இடமில்லை என்று மறுத்திருக்கும், மறுத்தால் டிக் விழுந்திருக்காது, டிக் விழுந்ததாக அவர் சொல்வது, அவர் சொல்வது. ஃபோல்டர் காலியாக இருந்தால் அதில் எழுத மென்பொருளுக்கு என்ன தடை. ஒரு தடையும் இல்லை. டிஸ்க்கா தரையா என்று அது பார்க்காது, பார் என்று நான் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியலும் அதே ஃபோல்டருக்குள்தான், அதனால்தான் பட்டியலிலும் ஓட்டை. எல்லாம் பொருந்தி வந்தது, பொருந்தப் பொருந்த வண்ணாரப்பேட்டை ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

ஒரு வரிதான். இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது, காலை எட்டரைக்கு இந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள் ஒரே ஒரு வரி அடித்திருந்தால் டிஸ்க்கை இறக்காமலே, எதையும் நிறுத்தாமலே அடியில் இருப்பதை வேறு வழியாகப் பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியும். விரலை வைத்தேன், எடுத்தேன். ஜும்மா நேரத்தில் எப்படியும் புது ஏற்பாட்டைச் சோதிக்கப் போகிறோமே, அப்போது பெட்டியை அணைத்தால் ஃபோல்டர் தானாகத் திறந்து கிடக்குமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். நாலரை மணி நேரம். அதற்குள் ஒரு பிரிண்டரைச் சரிசெய்தேன், யாரும் கேட்காத கேபிள்களுக்கு லேபிள் ஒட்டினேன், பிறகு இந்த வாரம் முழுக்க எழுதின புது மவுண்ட் கோப்பைத் திறந்து ஆறு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். டிஸ்க்குக்குத் தொண்ணூறு வினாடி காத்திரு, வந்தால் ஏற்று, வராவிட்டால் தோற்றது என்று சொல், சர்வர் பாட்டுக்கு எழட்டும், ஆனால் அந்த ஸ்கேன் மென்பொருள் மட்டும் டிஸ்க் ஏறாமல் ஓடக் கூடாது, ஓடவே கூடாது. நாலே வரி. நாலு வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய நாலு வரி. வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுகிறேன்.

வந்துவிட்டது. மூன்று சிவப்பு நட்சத்திரங்கள் ஓர் அடைப்புக்குள் இடமும் வலமும் நடக்கின்றன, பக்கத்தில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்கிற வரி, அதன் ஓரத்தில் ஆறு வினாடி, ஏழு வினாடி, ஒன்றரை நிமிடத்தில். எட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் சி.டி. மெஷின் சும்மா உறுமுகிறது. மற்ற நேரத்தில் இந்தச் சுவர் வழியாகப் பிச்சை அண்ணாச்சியின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். மெஷினுக்குள்ளேயே ஓர் இங்கிலீஷ்காரியின் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள், மூச்சை இழு, அடக்கு என்று அவள் சொல்வாள், யாருக்கும் புரியாமல் பதறி எழுந்து உட்காருவார்கள் என்று அவள் குரலை நிறுத்திவிட்டு இவரே மைக்கில் சொல்வார். மூச்சை இழுங்க. அடக்கிக்கிடுங்க. விட்ராதிய, விட்ராதிய, இந்தா முடிஞ்சிட்டு. ம், விட்டுக்கிடுங்க. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை, கேட்டுக் கேட்டு என்னை அறியாமல் நானும் இந்தப் பக்கம் அடக்கி விட்டுக்கொண்டிருப்பேன். இந்த வாரம் புதிதாக வந்த ஆள் இங்கிலீஷ்காரியை மறுபடி போட்டுவிட்டான். பத்தொன்பது. இருபது. நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டேன்.

தடுப்பை யாரோ தட்டினார்கள், திடுக்கென்றது, ரிசப்ஷனில் இருக்கிற நஸ்ரின். ஸ்டோர் ரூமில் தொழுதுவிட்டு வந்திருக்கிறாள், முகத்தைச் சுற்றின துப்பட்டா இன்னும் ஈரமாக இருந்தது. "யக்கா, பள்ளில தொழுகை முடிஞ்சிட்டு. பிச்சை மாமா வந்தா இங்க அனுப்பவா, சார் ரூமுக்கு அனுப்பவா?" திரையில் முப்பத்தாறு. நான், "ஏன், இங்க எதுக்கு?" என்றேன். என் குரலில் இருந்த வெடுக்கு அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும். "இல்லக்கா, எப்பவும் ஜும்மா முடிஞ்சி இங்கதான வருவாவ, உங்க கூடத்தான சாப்பிடுவாவ, அதான் கேட்டேன்" என்றாள். உண்மைதான், வெள்ளிக்கிழமை அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி வரும், எனக்கும் சேர்த்து. பொறு, சொல்லுதேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். நாற்பத்தேழு. முடிவைத் தள்ளிப்போட இன்னும் ஒரு நிமிடம் கிடைத்துவிட்டது, எனக்கு எப்போதும் இப்படி ஒரு நிமிடம் கிடைத்துவிடுகிறது.

ஐம்பது. ஃபோல்டர் காலியாக இருந்தால் நல்லது. நினைத்துவிட்டேன், நினைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. காலியாக இருந்தால் நான் சொன்னது சரி, அவர் கையெழுத்துப் போடுவார், எனக்கு வருத்தமாக இருக்கும், வருத்தம் ஆறிவிடும். காலியாக இல்லாவிட்டாலும் என்ன. பெட்டியின் பொத்தான் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அமுக்கினால் இரண்டு நிமிடத்தில் டிஸ்க் எழும், ஏறி உட்காரும், அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும், இந்தக் கட்டடத்தில் அதைத் தேடத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், சோறு பரிமாறுகிறவளே மறைத்தால் முடியும். ஐம்பத்தெட்டு. கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் ஜில்லாவில் எந்த ஸ்கேன் சென்டரும் அவரைச் சேர்க்காது, இந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் போன் செய்கிறவர்கள். என்னைச் சேர்ப்பார்களா, நாலு வரி எழுதத் தெரியாமல் நாலு வருடம் உட்கார்ந்திருந்தவளை. வீட்டில் என்ன சொல்வது. கவனம் போதாது மேடம். என் மகளைச் சொன்னார்களா, என்னைச் சொன்னார்களா. தாழையூத்துப் பெரியவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார், இருமுவார். எழுபது. எழுபத்தொன்று. வெளியே செருப்புச் சத்தங்கள், ஸலாம் சொல்கிற குரல்கள், பைக் ஒன்று உதைக்க உதைக்கக் கிளம்பாமல். எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போகும் என்றுகூட இல்லை, அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று. எண்பத்து மூன்று. விட்ராதிய. எண்பத்தாறு. விட்ராதிய. எண்பத்தொன்பது.

சிவப்பில் ஒரு வரி, டிஸ்க் வரவில்லை. அதற்கடியில் இன்னொரு சிவப்பு, டிஸ்க் ஏறவில்லை. மூன்றாவது மஞ்சளில், அதை நம்பியிருந்த ஸ்கேன் மென்பொருள் தொடங்கப்படவில்லை. பிறகு மற்றதெல்லாம் பச்சை பச்சையாக இறங்கி வந்து, பெயர் கேட்டுக்கொண்டு நின்றது. நான் எழுதினது அச்சு அசலாக வேலை செய்கிறது, சோதனை வெற்றி, சிரிப்பு வரவில்லை. உள்ளே போனேன். அந்த ஃபோல்டருக்குப் போனேன். என்ன இருக்கிறது என்று கேட்கிற கட்டளை இரண்டே எழுத்து, உலகத்திலேயே சின்னக் கட்டளை, முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. அடித்தேன். பட்டியல் கோப்பு ஒன்று, அதன் கீழே நீளநீளமான எண்களாக ஃபோல்டர்கள், எண்ண வேண்டியதில்லை, ஒரே பார்வையில் தெரிந்தது, எண்ணினேன், ஒன்பது. சனிக்கிழமை, ஒன்பது நாலு முதல் பதினொன்று பதினெட்டு வரை. ஆறு நாளாக இங்கேயே இருந்திருக்கின்றன, என் முழங்காலுக்கு ஓரடி தள்ளி. அழுகை வந்தது, சந்தோஷமா என்றால் அதுவும் இருந்தது, வெட்கம் அதைவிட அதிகமாக இருந்தது. கை தானாகப் பெட்டிப் பக்கம் போனது. பொத்தானில் விரல் பட்டது. அது குளிர்ந்து கிடந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நஸ்ரின், அண்ணாச்சிய இங்க அனுப்பு" என்று கத்தினேன்.

அவர் ஏற்கெனவே தடுப்புக்கு வெளியில்தான் நின்றிருக்கிறார். வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் பேட்ஜ், கையில் தூக்குச்சட்டி இல்லை. "சாப்ட்டியாம்மா?" என்றார், ஒரு வாரம் நடக்காதது மாதிரி. "இங்க பாருங்க அண்ணாச்சி" என்று திரையைத் திருப்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு குனிந்தார். ஒன்பது நீள எண்களும் அவருக்குப் புரிந்திருக்காது, ஓரத்தில் இருந்த நேரத்தைத்தான் விரல் வைத்துப் படித்தார். "ஒம்பது நாலு, தாழையூத்துப் பெரியவரு, மூச்சே அடக்க முடியல பாவம், ரெண்டு தடவை எடுத்தேன். ஒம்பது இருவத்தாறு, வாந்தி எடுத்தால்லா அந்தப் புள்ள. பத்துப் பத்து…" விரல் கடைசி வரைக்கும் இறங்கி நின்றது. "ஒம்பதும் இருக்கு" என்றார். "இருக்கு அண்ணாச்சி. நீங்க அனுப்பினது எல்லாம் அன்னைக்கே வந்துட்டு. பெட்டி எந்திரிக்காம அடியில விழுந்துருக்கு, நான் வந்து பாக்காம அதுமேல டிஸ்க்கை ஏத்தி மூடிட்டேன். மூடிட்டு, வரலைன்னு சொன்னேன்." சொல்லி முடித்துவிட்டேன். திட்டுவார் என்று இருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தேன். அவர் வேறு ஸ்டூல் இல்லாததால் யு.பி.எஸ். மேலேயே உட்கார்ந்தார். "அப்ப டிக்கு விழுந்துச்சு" என்றார். விழுந்துச்சு என்றேன். "நான் பாத்தேன்." பாத்திய என்றேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "எனக்கே சந்தேகம் வந்துட்டும்மா. கண்ணை மூடுனா ஒருக்கா டிக்கு இருக்கு, ஒருக்கா இல்ல. நீ வரலைன்னு சொல்லிட்டியா, நீ பொய் சொல்ல மாட்டல்லா, அப்ப எனக்குத்தான் கண்ணு போயிட்டுன்னு நெனச்சேன். பேட்டையில ஒரு எக்ஸ்ரே சென்டர்ல நேத்து கூப்ட்டாவ, வரலைன்னுட்டேன். கண்ணு தெரியாதவன் எதுக்குன்னு."

மேசையில் இன்டர்காம் அடித்தது, தனசிங் சார், பிச்சை வந்தாச்சா, லெட்டர் ரெடியா இருக்கு என்றார். "அண்ணாச்சி அங்க வர வேண்டாம் சார், நான் வாரேன். லெட்டர மாத்தணும்" என்றேன். பிறகு தாழையூத்துப் பெரியவருடைய ஃபோல்டரை முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தேன், மதுரை டாக்டருக்கு இன்றைக்கே போக வேண்டும், இரண்டு தடவை தப்பாக அடித்து மூன்றாவது தடவை சரியாக வந்தது. எழுந்து தடுப்பைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "ஏம்மா" என்று கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து பேட்ஜோடு ஒட்டியிருந்த சின்னச் சீட்டு ஒன்றைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். "திங்கக்கிழமைக்குக் கண்ணாஸ்பத்திரியில டோக்கன் போட்டுருக்கேன். இது வேண்டாம்லா?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, தனசிங் சார் அறைக்கு நடந்தேன்.